புள்ளி வைத்த கா

சியோலில் அன்று மழை இல்லை.
மழைக்காகத்தான் கூடியிருந்தார்கள்.

ஆளுக்கொரு பெயர்ப்பலகை, ஆளுக்கொரு வெற்றுச் சீட்டு.
திரைக்குப் பின்னால் போய்
ஒரே ஓர் எழுத்து, சொந்தக் கையால்:
விலக்கலாம் என்றால் ‘கா’
கூடாது என்றால் ‘பூ’.

என் காதில் இரண்டும் தமிழாய் விழுந்து தொலைக்கின்றன.
கா என்றால் சோலை.
கா என்றால் காப்பாற்று.
பள்ளி மைதானத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு
“உன்கூட கா” என்றால்
இனி உன் பென்சில்கூட எனக்கு வேண்டாம்.
அந்த மூன்றாவது பொருள்தான்
இங்கே சட்டமாகியிருக்கிறது.

குற்றச்சாட்டு நாற்பத்தோரு பக்கம்.
சுருக்கினால்,
அணை நிரம்புகிறது என்ற கோப்பு
அமைச்சர் தோக்கோவின் மேசையில் மூன்று நாள் கிடந்தது
ஒரு கையெழுத்துக்காக.
நான்காம் நாள்
ஆற்றோரம் பத்தொன்பது வீடுகளைக் காணோம்.

திரை வரைக்கும் கட்சி கூட வந்தது.
உள்ளே வர அதற்கு இடமில்லை.
கிழவர் ஹ்வாங்போ ஏழு நிமிடம் உள்ளேயே நின்றார்,
வெளியே வந்து யாரும் கேட்காமலே சொன்னார்:
“கண்ணாடியை மறந்துவிட்டேன்.”

எண்ணும் மேசையில் மா யூன்சே.
முதலில் பெயர்ப்பலகை, இருநூற்றுத் தொண்ணூற்றாறு.
பிறகு சீட்டு, அதே எண்.
பெயர் ஒரு பெட்டியில், மனசு இன்னொன்றில்.
இனி இரண்டையும் எவராலும் சேர்க்க முடியாது.

கா. கா. பூ. கா. பூ. பூ. கா.
கூரை மேல் காக்கை வந்து உட்கார்ந்தாற்போல் ஒரு சபை.

ஒரு சீட்டில் காவை ஒட்டி ஒரு புள்ளி.
பேனா தயங்கி நின்ற இடமா?
முடிந்தது என்று அழுத்தி வைத்ததா?
மா யூன்சே விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள்.
எழுத்தைத் தவிர எது இருந்தாலும் செல்லாது, விதி.
எங்கள் இலக்கணத்திலும் அப்படித்தான்:
புள்ளி விழுந்தால் உயிர் போய்விடும்.

செல்லாதவை ஐந்து.
பூ நூற்று முப்பத்தொன்பது.
வேண்டியது நூற்று ஐம்பத்தொன்று,
வந்தது அதைவிட ஒன்று கூட.

சுத்தியல் மூன்று முறை.
மாடத்தில் கைதட்டத் தடை.
பத்தொன்பதில் ஒரு வீட்டின் சாவியை
இன்னும் வைத்திருக்கும் பாங் மல்சுன்
அதை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினாள்.

மிச்சம் நீதிமன்றத்தின் வேலை. ஆறு மாதம் ஆகலாம்.
நாற்காலியைப் பிடுங்குவதோ திருப்பித் தருவதோ அங்கே.
அதுவரை சம்பளம் உண்டு, வீடு உண்டு,
அமைச்சர் என்று கூப்பிடவும் செய்யலாம்.
அதிகாரம் மட்டும்
தீர்மானத்தின் நகல் கைக்கு வந்த நிமிடத்தில்
நின்றுபோகும், சாவி கொடுக்காத கடிகாரம்போல.

இரவு எட்டு நாற்பத்தேழு.
நகலோடு வந்த எழுத்தர் பேரேட்டை நீட்டினார்,
“பெற்றுக்கொண்டதற்கு, இங்கே.”
உதவியாளர் கையை நீட்ட
தோக்கோ தடுத்தார்.
பேனா மூடியைக் கழற்றினார்.
படித்துக்கூடப் பார்க்கவில்லை.
உடனே
போட்டார் கையெழுத்து.