தூற்றல்

அன்று காற்று எந்தப் பக்கம் அடித்தது
என்றுதான் முதலில் கேட்டார்கள்.
ஒட்டுசுட்டானில் ஒரு பள்ளிக்கூடம்,
மூன்றாம் வகுப்பு வாங்கில்
முழங்கால் நெஞ்சில் முட்ட இருந்தேன்.
மேசையில் விரித்த படத்தில் எங்கள் பனிச்சங்கண்டல்.
குளம் நீலம். சங்கக்கடை சிவப்பு.
நான் மருந்து கலந்த வைத்தியசாலை
ஒரு கூட்டல் குறி.

குழந்தைவேலர் எனக்கு முன்னமே சொல்லிவிட்டுப் போயிருந்தார்:
வாடை.
விடியப்புறம் களத்தில் நெல் தூற்றிக்கொண்டு நின்றவர்.
சப்பி கோயில் கிணற்றுப் பக்கம் பறந்ததாம்.
‘தூற்றுகிறவனுக்குத் தெரியாத காற்றோ?’
வாடையென்றால் வடகிழக்கு.
வடகிழக்கில் இயக்கம் இருந்தது.

செபமாலை கச்சான் என்றார்.
மாடுகள் மேற்கே வாலைக் காட்டிக்கொண்டு நின்றனவாம்.
மேற்கில் ஆமி.

இரண்டு பேரும் பொய் பேசாத மனிதர்.
ஒருவரின் மகனை இயக்கம் கூட்டிக்கொண்டு போனது,
மற்றவரின் மகனை ஆமி.
மாடும் சப்பியும் இதை அறியா.

மூன்றாவதாக ஒரு தாள் வைத்திருந்தார்கள்.
சங்கக்கடைப் பின்னறையில் பதினொரு பீப்பா குளோரின் தூள்,
கிணறுகளுக்குப் போட வந்தது.
‘ஒரு செல் விழுந்து அது பற்றியிருந்தால்
இதற்கு யாருடைய கையும் தேவையில்லை’
என்றார் கொழும்புச் சட்டத்தரணி, மிக மரியாதையாக.
தாளின் அடியில் என் கையெழுத்து.
அதன் கீழே அச்சில்:
பொறுப்பேற்றவர்.

மணம்? என்று கேட்டார்கள்.
ஒருத்தி பூண்டு என்றாள், ஒருவன் அழுகின வைக்கோல் என்றான்.
எனக்கு அன்று தடிமன்.
முப்பத்தொரு பேருக்குக் கண் கழுவினேன்,
சேலைன் முடிந்த பிறகு இளநீரால்.
நிறம் கேளுங்கள், அந்த உதடுகளின் நிறம் சொல்வேன்.
அதை எழுத அவர்களிடம் கட்டம் இல்லை.

வெள்ளைக்காரர் ஒருவர் சின்னப் போத்தல்களில் மண் எடுத்தார்.
மூன்று மாரி குடித்த மண்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள்.
அந்தக் கிழமையே இரண்டு வானொலியும் தூற்றின,
அவர்கள் இவர்களை, இவர்கள் அவர்களை.
சப்பி கண்ணுக்குள் விழுந்தது.
நெல்லை அள்ள ஒருவரும் குனியவில்லை.

அவர்கள் கேட்காத ஒன்று இருக்கிறது.
முதல் சத்தம் கேட்டதும்
வாசலில் நின்று கத்தியவன் நான்:
‘பங்கருக்குள்ள இறங்குங்கோ,
ஒருத்தரும் தலை தூக்காதேங்கோ!’
செல்லுக்கு அது சரி.
இதுவோ பாரமான புகை, பள்ளம் தேடிப் போகும்.
அதைப் படித்துச் சோதனையும் எழுதியவன் நான்.
யோகமலர் மட்டும் சொல் கேளாமல்
பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு
குளக்கட்டில் ஏறி ஓடினாள்.
‘விசரி’ என்று பின்னால் ஏசினேன்.
இப்போது மாங்குளத்தில் அப்பக்கடை வைத்திருக்கிறாள்,
காசு வாங்கமாட்டாள் என்னிடம்.
என் சொல் கேட்டவர்கள் ஒன்பது பேர்.

இதைச் சொன்னால் எழுதிக்கொள்வார்கள்.
மூன்றாவது தாளோடு சேர்த்து ஊசி குத்துவார்கள்.
பிறகு மேற்கையும் பார்க்கவேண்டாம்,
வடகிழக்கையும் பார்க்கவேண்டாம்,
ஒரு அப்போத்திக்கரி போதும்.
எங்கோ ஒரு கை அதை நிரப்பியது,
ஒரு வாய் ‘சரி’ என்றது.
அந்தக் கை
என் கையெழுத்துக்குப் பின்னால் ஒளிய
நான் விடக்கூடாது.
அதனால் சொல்லவில்லை.
இல்லை, பயத்தில் சொல்லவில்லை.
இரண்டையும் பிரித்தெடுக்க
என்னிடம் சுளகு இல்லை.

‘காற்று?’ மறுபடி கேட்டார்கள்.
‘கட்டின் மேலே எப்படியோ தெரியாது,
பங்கருக்குள் காற்றே இல்லை’ என்றேன்.
மொழிபெயர்த்த பிள்ளை ஒரு கணம் என்னைப் பார்த்தாள்.
பிறகு அதை ஒரே சொல்லில் முடித்தாள்.
அவர் படிவத்தில்
திசைக்குரிய இடத்தில்
சின்னதாக ஒரு கோடு போட்டார்.