மூன்றாவது பூட்டு

கெமி நகரக் காகித ஆலை. ஜனவரி.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு,
உள்ளே வெந்த மரத்தின் நாற்றம்.

மின்பெட்டியின் கைப்பிடியில் மூன்று பூட்டுகள் போட்டிருந்தோம்.
என்னுடையது சிவப்பு, துய்ரேயுடையது மஞ்சள்.
இரண்டும் கழன்றாயிற்று.
நீலம் மட்டும் தொங்குகிறது.
ஷிஃப்ட் முடிந்து போய்விட்டான் யாலோ,
சாவியோடு.

கண்ட்ரோல் ரூமிலிருந்து மூன்றாவது அழைப்பு:
"வால்வு திறக்கணும். மோட்டார் மாட்டியாச்சில்ல?
அறுத்துப் போடுங்க."
அறுக்கும் கத்தரி சுவரில்தான் இருக்கிறது,
ஒரு கடி போதும்.
நான் கையை நீட்டினேன், மறைப்பானேன்.

துய்ரே பார்த்த பார்வையில் கை தானாய் மடங்கியது.
காலையில் மூடியைத் திறக்கும் முன்
டெஸ்டரை உயிருள்ள முனையில் வைத்துப் பார்த்தாள்,
பிறகு எங்கள் முனையில்,
பிறகு மறுபடியும் உயிருள்ளதில்.
நடுவில் கருவியே செத்திருந்தால்?
அவள் அப்படி.
விளக்கு அணைந்தால்கூட நம்பமாட்டாள்.

போனைப் போட்டாள்.
டோர்னியோவிலிருந்து பனிச்சாலையில் திரும்பி வந்தான் யாலோ,
கோட்டுக்குள் இரவு உடை, புருவத்தில் உறைபனி.
யாரையும் திட்டவில்லை.
குழிக்குள் இறங்கி டார்ச் அடித்தான்,
வால்வுத் தண்டைச் சுற்றிக் கையை ஓட்டினான்,
ஏறி வந்தான்.
ஒன்றுமில்லை.
நீலம் கழன்றது.

குறிப்பேட்டில் எழுதினேன்:
ஐம்பது நிமிடத் தாமதம். காரணம், பூட்டு.

மோட்டார் முனகியது.
முள் 'மூடு'விலிருந்து 'திற'வுக்கு மெல்ல நகர,
யாலோ கையுறைகளைக் கழற்றி
காப்பிக் கோப்பையைப்
பத்து விரல்களாலும் பிடித்துக்கொண்டான்.