நாலணா எடை

பழைய ஃபேனைக் கழற்ற இரண்டு ஆள்.
ஸ்டூல் மேல் டில்லிபாபு, கீழே நான்,
யார்டில் பெட்டி இறக்குவதுபோல்
மெதுவா, மெதுவா, விடு.
மூன்றும் இரும்புத் தகடு, முறம் அகலம்.
ஒன்றின் முதுகில் கறுத்த டேப்,
உரித்தால் உள்ளே ஒரு நாலணா.
ஆட்டம் நிற்க யாரோ ஒட்டியது,
நாங்கள் குடிவருவதற்கு முன்பே.
சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

புதியது தவணையில், மூலக்கடையில் எடுத்தது.
அட்டைப்பெட்டியில் விமானப் படம்.
இறக்கை ஒல்லி; நுனி மட்டும்
மீன்வால்போல் லேசாக மடங்கியிருக்கிறது.
"அது காத்தத் தள்ளும் நைனா,
இது சீவும்" என்றான் டில்லிபாபு.
ரிமோட்டை அமுக்கினால்
ஒரு முனகல் இல்லை.
கரண்டும் பாதிதான் என்கிறாள் ஸ்டெல்லா,
தினமும் மீட்டரை எட்டிப் பார்த்து.

எனக்கு மணலியில் ராத்திரி டூட்டி.
பகல் பத்து மணிக்கு மல்லாந்தால்
வியாசர்பாடி ஹவுசிங் போர்டு மொத்தமும்
காதில் ஏறிப் படுக்கிறது.
மாடியில் குடம் இழுபடுகிறது,
சிக்னல் கிடைக்காமல் ஒரு ரயில் கூவுகிறது,
சுவருக்கு அந்தப்பக்கம் சம்பூரணம்
யாரிடமோ போனில்
"நல்லாத்தான் இருக்கேன், நல்லாத்தான் இருக்கேன்."
போனை வைத்த பிறகு வருவதும் கேட்கிறது.
ஒன்பது வருஷம் பக்கத்து வீடு.
அவள் அழுது நான் கேட்டதில்லை;
கடக் கடக் என்று நடுவில் ஒன்று
ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.
எங்கள் சண்டைகளும் அப்படியானால்
அதன் அடியில்தான் கிடந்தன.
இப்போது குரலைத் தணித்துச் சண்டை போடுகிறோம்.
பாதியில் சிரிப்பு வந்துவிடுகிறது.

மூன்றாம் வாரம் ஈரப் பனியனால் துடைத்தேன்.
காற்றை முதலில் வாங்கும் ஓரத்தில்
அதே கறுப்புக் கோடு, விரல் அகலம்.
தகடா விமானமா என்று
எண்ணூர்ப் பக்கமிருந்து வருவதற்கு
வித்தியாசம் தெரியவில்லை.

சம்பூரணத்தின் மேசை ஃபேன் புகைந்துபோன அன்று
பழையதைக் கொண்டுபோய் மாட்டினோம்.
காற்று அங்கே. சத்தத்தில் பாதி இங்கே.
அன்றைக்கு நாலு மணிவரை தூங்கினேன்.

சாயங்காலம் கதவைத் தட்டினாள்.
"காத்து நல்லாத்தான் வருது தம்பி.
ஆனா கெடந்து ஆடுது. வுழுந்துடுமா?"
விழாது அக்கா என்றபடி
ஆணியில் தொங்கிய சட்டைக்குள் கைவிட்டேன்.
ஸ்டெல்லா துவைத்திருந்தாள்;
நாலணா பளபளவென்று டீவி மேல் இருந்தது.

எந்த இறக்கை என்றுதான் தெரியவில்லை.
மண்ணெண்ணெய் போட்டு, டேப் தடம் போக,
மூன்றையும் நானே தேய்த்திருந்தேன்.
"ஒவ்வொண்ணா ஒட்டிப் பாக்கலாம்" என்று
ஸ்டூலை இழுத்துப் போட்டாள் சம்பூரணம்.