அரசிகள் அவளுக்கு

முப்பத்தொன்பது அரசிகள் ஜோஸ்லினுக்கு.
உடைகள் நெவிலுக்கு.
ஹல் நகரத்து வக்கீல் அலுவலகத்தில்
அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தவன் நான்.

முடிசூட்டு அங்கி, ஒன்று. ஓரத்தில் முயல்ரோமம்.
கையுறை, வெள்ளை, இடது மட்டும்.
வலது பத்து வருஷமாகக் காணவில்லை
என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்;
அன்றைக்கு ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.
கிரீடம் உடையா, உடம்பா என்று
முக்கால் மணிநேரம் வாதம்.
தலையோடு ஒட்டியவை அவளுக்கு,
கழற்ற வருபவை அவனுக்கு.

அப்படியாக
லீட்ஸில் ஒரு மாடி வீட்டில்
முப்பத்தொன்பது மகாராணிகள்
பொட்டுத் துணியில்லாமல்
கண்ணாடி அலமாரிக்குள் கையசைத்தார்கள்.
அந்தக் கை இறங்காது. வார்ப்பே அப்படி.
இங்கே நெவில்
குண்டூசித் தடிமன் ஹேங்கர்களில்
ஆளில்லாத அரசவையைத் தொங்கவிட்டான்.

நவம்பரில் அலுவலகத்துக்கு ஒரு பார்சல்,
நெவிலிடம் சேர்ப்பிக்கச் சொல்லி.
சமையலறைத் தாளில் சுற்றிய ஓர் அரசி.
கடிதம் இல்லை.
சட்டப்படி இதற்கு என்ன பொருள் என்று
வக்கீலுக்கே தெரியவில்லை.

நான்தான் கொண்டுபோனேன்.
பஸ் மெக்கானிக், நகக்கண்ணெல்லாம் கிரீஸ்.
தேய்த்துத் தேய்த்துக் கை கழுவிவிட்டு
நீலக் கோட்டை மாட்டி
கடுகளவுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டான்.
கடைசிப் பொத்தானில் நின்று,
"அவள் வீட்டில் ஹீட்டர் ஓடுகிறதா?"

எனக்கு எப்படித் தெரியும்.

ரசீது எழுதினேன்: பொம்மை, ஒன்று.
அப்போதுதான் பார்த்தேன்,
அசைக்கிற வலது கையில் வெள்ளைக் கையுறை.
அவன் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.
நானும் எழுதவில்லை.