ஒலிக்காத எழுத்து

பிள்ளை பிறந்தால் இங்கே இருபத்தொரு நாள் கெடு.
அவர்கள் இருபதாம் நாள் வந்தார்கள்,
அலுவலகம் பூட்டச் சற்று முன்,
சொட்டச் சொட்ட மழைச்சட்டையோடு.

ஓபன் துறைமுகத்தில் நான் பிறப்பு இறப்புப் பதிவாளர்.
என் பேனாவில் ஊற்றுவது அழியா மை என்பார்கள்.
என் விரலில் மட்டும்
ஞாயிற்றுக்கிழமைக்குள் அழிந்துவிடும்.

தந்தை டூகல் மெக்ஃபெயில்.
முல் தீவுக்குப் போகும் கப்பலில் வடம் வீசுபவன்.
தாய் கேட்ரியோனா.
பிறந்த வீட்டுப் பெயர் கேம்பெல்.
இந்த ஆர்கைலில் கண்ணை மூடிக் கல்லெறிந்தால்
ஒரு கேம்பெல் தலையில்தான் விழும்.

தாயின் குடும்பப் பெயரை
மகனுக்கு முதற்பெயராய் இடுவது பழைய வழக்கம்.
கல்யாணத்தில் தொலைத்ததைப்
பிள்ளை மேல் எழுதி மீட்டுக்கொள்வது.

எத்தனை பார்த்திருக்கிறேன் இந்த மேசையில்!
லோகன் என்றால் சிறு பள்ளம்.
ரோஸ், கடலுக்குள் நீட்டிய நிலமுனை.
கேமரன், கோணல் மூக்கு.
மெக்கன்சி என்ற பெண்பிள்ளைகள்
'இன்னாரின் மகன்' என்ற பொருளைச் சுமந்துகொண்டு
இரட்டைப் பின்னலோடு பள்ளிக்கூடம் போகிறார்கள்.
யாரும் பொருள் கேட்பதில்லை.
நானும் சொல்வதில்லை.
எனக்குச் சம்பளம் எழுதுவதற்கு.

"பெயரை மாற்றிவிடலாமா என்று..."
டூகல் முடிக்கவில்லை. போர்வையை விலக்கினான்.

மேலுதடு மூக்கு வரை பிளந்திருந்தது,
அவசரத்தில் பிரித்த கடித உறை போல.

கேம் என்றால் கோணல். பெல் என்றால் வாய்.
கேலிக் மொழி நாலு வார்த்தை தெரிந்தவருக்கும் தெரியும்.
கப்பல் உணவகத்தில் ஒருவன்
பிள்ளையைப் பாராமலே சிரித்துக்கொண்டு சொன்னானாம்:
"கோணவாயனா? நல்ல பெயர்தான்!"
டூகல் அவனுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு
மேல்தளத்துக்குப் போய் நின்றானாம்.

அன்றைக்கு என் வழக்கத்தை மீறினேன்.
எந்தக் காலத்திலோ ஓர் எழுத்தருக்கு
இந்தப் பெயர் கூசியிருக்க வேண்டும்,
லத்தீனில் 'அழகிய வயல்' என்று தோன்றும்படி
நடுவில் ஓர் எழுத்தைச் செருகிவிட்டார் என்பார்கள்.
வயல் எங்கும் இல்லை.
எழுத்து தங்கிவிட்டது.
எழுதுகிறோம், உச்சரிப்பதில்லை.

ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

"வயல் எனக்கெதற்கு?" என்றாள் கேட்ரியோனா.
"அந்த முதல் கோணவாயனுக்குத்
தையல் போட யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.
அந்த வாயால்தான் கஞ்சி குடித்திருப்பான்,
வைதிருப்பான், பொய் சொல்லியிருப்பான்.
ஒருத்தியை முத்தமிட்டும் இருப்பான்.
இல்லாவிட்டால் நான் ஏது?
நேர்வாய்க்காரர்கள் நாங்கள் எல்லாரும்
இத்தனை நூற்றாண்டும் இரவல் பெயரில் திரிந்தோம்.
இவன் சொந்தக்காரன். எழுதுங்கள்."

கணினியில் ஏற்றுமுன் தாளில் எழுதிக் காட்டுவேன்,
பிழை வராதிருக்க.
அவள் ஒவ்வோர் எழுத்தாய்ச் சொன்னாள்.
மூன்று எழுத்து முடிந்து நாலாவதில் நின்றாள்.
"அதையும் போடுங்கள்."

நேராய் ஒரு கம்பு, தலையில் ஒரு வளையம்.
முப்பது வருஷம் எழுதிய எழுத்து.
அன்றுதான் பார்த்தேன்,
நூல் கோக்கக் காத்திருக்கும் ஊசி.

டூகல் கையெழுத்திட்டான். மை காயும் வரை
பிள்ளையின் கன்னத்தைத் தொடாமல் விரலை ஊதிக்கொண்டிருந்தான்.

மூன்றாம் மாதம் கிளாஸ்கோவில் தைத்தார்களாம்.
இலையுதிர் காலத்தில் கப்பல் துறையில் கண்டேன்.
மேலுதட்டில் செங்குத்தாய் மெல்லிய ஒரு கோடு.
அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.
மீன் விலை பேசினோம், மழை பேசினோம்.

கப்பல் ஊதியது.
கேம்பெல் மெக்ஃபெயில் வாயைத் திறந்து
அதைவிடப் பெரிதாய் ஊதினான்.