அரவு

போயா விடுமுறை கலங்களுக்கு இல்லை.
பசிக்கும்.
மூன்று நாளைக்கொருமுறை இளஞ்சிவப்பு நீர் மாற்றவேண்டும்.
ஆகவே சனிக்கிழமை,
பொரளைச் சந்தியில் இறைச்சிக் கடைகள் இழுத்து மூடியிருக்க,
காவலாளி பந்துலவை எழுப்பிக் கதவு திறந்து
முழங்கைவரை ஸ்பிரிட் பூசி உட்கார்ந்தேன்.

எங்கள் பாடநூலில் செல்லுக்குப் பெயர் கலம்.
கலம் என்றால் பானை. கலம் என்றால் கப்பல்.
நாலாம் மாடி ஜன்னலில் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரியும்,
அங்கே நிற்பவையும் கலம்தான்.
இவை விமானத்தில் வந்தன, உலர்பனிக்குள்:
பதினைந்து வயதுப் பையன் ஒருவனின் ஈரல்.
அவன் போய் எத்தனையோ வருசம்.
ஈரல் மட்டும் பிரிந்து பிரிந்து
இன்னும் பதினைந்திலேயே நிற்கிறது.
ஈரக்குலை நடுங்கியது என்போமே,
நுணுக்குக்காட்டியில் பார்த்தால்
அதற்கு நடுங்கத் தெரியாது.
ஒட்டிக்கொள்ளத்தான் தெரியும்.

இரோமி விகாரையிலிருந்து நேரே வந்தாள், வெள்ளையில்.
"இன்றைக்குத் தீனி மட்டும் போடு, நங்கி.
நஞ்சு நாளைக்கு."
கலத்துக்கும் பாவ புண்ணியம் உண்டா என்றேன்.
"கலத்துக்கில்லை. உனக்கு."
சிரிக்கவில்லை அவள்.
அட்டவணையில் மாலை நாலு என்றிருந்ததை வெட்டி
இரவு பன்னிரண்டு ஐந்து என்று எழுதினோம்.

போத்தல் புறக்கோட்டையில் வாங்கியது,
பற்றுச்சீட்டோடு, ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபா.
கத்தரி, மிளகாய், பயற்றைக்கு உகந்தது.
மூன்று மொழியில் எச்சரிக்கை.
தமிழ் ஆக அடியில், எறும்பு ஊர்ந்த அளவில்:
'சிறுவர்களுக்கு எட்டதவாறு வைக்கவும்.'
ஓர் அரவு குறைகிறது.
எழுத்துக் கூட்டி வாசிப்பவர்
எட்ட என்பதோடு நின்று
மீதி விளங்காமல் வைத்துவிட்டால்?
பாம்புக்கும் அரவென்றுதான் பெயர்.
லேபிளிலிருந்து நழுவியது
போத்தலுக்குள் போயிருக்கலாம்.

கரைப்பதற்கு எனக்குப் பழைய வாய்பாடுதான் வசதி.
முதல் வரிசை முழுசு.
பிறகு அரை, கால், அரைக்கால்,
வீசம், அரைவீசம், கால்வீசம்.
எட்டாம் வரிசைக்கு ஒன்றுமில்லை, அது சாட்சி.
தொண்ணூற்றாறு குழி முடிய பெருவிரல் விறைத்தது.
பன்னிரண்டரைக்குக் கரண்ட் போனது.
முப்பத்தேழு பாகை
முப்பத்தாறு தசம் நாலுக்கு இறங்கும்வரை
இருவரும் இன்கியூபேட்டர் கதவில் முதுகு சாய்த்து நின்றோம்,
உள்ளே யாரோ காய்ச்சலில் படுத்திருப்பதுபோல.
ஜெனரேட்டர் இரண்டுதரம் இருமிப் பிடித்துக்கொண்டது.

அடுத்த இரவு சாயம் விட்டோம். மஞ்சள்.
நாலு மணித்தியாலம் காத்திருக்கவேண்டும்.
உயிர் இருந்தால் கத்தரிப்பூ நிறமாகும்,
இல்லாவிட்டால் மஞ்சள் மஞ்சளாகவே கிடக்கும்.
எட்டாம் வரிசை பூத்த தோட்டம்.
மேலே போகப் போகப் பூ உதிர்ந்து
முழுசில் ஒன்றுமே இல்லை.
பாதி செத்த இடம் வீசம்.
போத்தல் தெளிக்கச் சொல்லும் அளவு கால்.

இதை வைத்து ஒன்றும் அடித்துச் சொல்ல முடியாது,
எனக்கும் தெரியும்.
தட்டில் கிடப்பதற்குத் தோல் இல்லை, சிறுநீரகம் இல்லை,
தெளித்துவிட்டு வந்து கிணற்றடியில்
சவர்க்காரம் போட வழியில்லை.
மேலதிக ஆய்வு தேவை என்று எழுதினேன்,
இந்த வருசத்தில் நான்காவது தரம்.
மத்தியானச் சோற்றுப் பார்சலில் கத்தரிக்காய் மோஜு.
பசி. சாப்பிட்டோம்.

லேபிளில் இருந்த இலக்கத்துக்கு அழைத்தேன்.
தமிழுக்கு இரண்டை அழுத்தவும்.
அழுத்தினேன்.
வயலின் வாசித்துக்கொண்டே இருந்தது.
இரோமி வாங்கி, ஒன்றை அழுத்தி,
ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது என்று சிங்களத்தில் சொன்னாள்.
எந்த மொழியில் என்று பதறியது குரல்.
தமிழில்.
"ஆ, தமிழிலா," என்றது, ஆறுதலாக.

மார்க்கர் எடுத்து
எங்கள் போத்தலில் ட-வுக்குப் பக்கத்தில்
அரவைப் போட்டேன்.
அது இந்த அறையை விட்டு வெளியே போகாது.

செவ்வாய்க்கிழமை நீர் மாற்றவேண்டும்.