தண்ணீர்ச் சட்டி

பத்து இருபதுக்கு எண் சரிந்தது.
முப்பத்தைந்தில் நின்றது பதினான்கில் கிடந்தது.
மூச்சோடு வெளியே வரவேண்டிய வாயு வரவில்லை.
இதயம் எதையோ விழுங்கிவிட்டு விக்குகிறது.

மரிய கொரற்றி. ஐம்பத்திரண்டு வயது. புளூமெண்டால் ஒழுங்கை.
கல்லீரலில் புற்று. வயிற்றில் நாலே துளை.
கமராவுக்கு உள்ளே இடம் வேண்டுமே,
ஊதி உயர்த்தி வைத்திருந்தோம்
சோடாப் போத்தலில் சீறுகிற அதே வாயுவால்.

"காஸை நிறுத்துங்க."
"மொகத?" என்றார் விஜேதுங்க.
கேள்வி முடியுமுன் அவர் கையே
குழாயைக் கழற்றிவிட்டிருந்தது.
இடப்பக்கம் சரித்தோம். தலையைத் தாழ்த்தினோம்.
குமிழி வாசலை அடைக்காமல் ஓரமாய் மிதக்கட்டும்.

ஆலைச் சக்கரம் போலக் கேட்கும் என்கிறது பாடநூல்.
கொழும்பில் பிறந்தவள் நான்,
எந்த ஆலையின் சக்கரத்தைக் கண்டேன்?
ஸ்டெதஸ்கோப்பில் எனக்குக் கேட்டது
பக்கத்து வீட்டு வாளிக்குள்
யாரோ புடைவை அலசும் சத்தம்.

சேலைன். இன்னும் சேலைன்.
வயிறு குளமாகும்வரை ஊற்றினார்கள்.
கிழிந்த நாளம் நீருக்கடியில் போனது.
அட்ரினலின் இரண்டு தரம்.
பதினாறு. பதினாறு. பத்தொன்பது.
தாதி இரேஷாவின் உதடுகள் முகக்கவசத்துக்குள் அசைந்தன,
எந்தத் தெய்வத்திடம் என்று கேட்கவில்லை.
இருபத்தெட்டு.
பிறகுதான் கத்தி, நீளமாக.

வெளியே வாங்கில் செபமாலை.
ஆமர் வீதியில் ரயர் ஒட்டுகிறவர்,
நகக்கண்களில் கழுவினாலும் போகாத கறுப்பு.
மருத்துவச் சொற்களைத் தேடி நான் தடுமாற,
"காத்து எங்கால ஏறினது?" என்றார்.
ஒரு நாளத்தில், சின்னக் கிழிசல்.
"எவ்வளவு?"
சுண்டுவிரல் நகத்தைக் காட்டினேன், அதில் பாதி.
"தண்ணிக்குள்ள வச்சுப் பாத்தீங்களா?"

யன்னலில் மழை சாய்ந்து அடித்தது.
ஓம் என்றேன்.
அந்த ஒரு சொல்லுக்குத்தான்
காலையிலிருந்து காத்திருந்தவர்போலத் தலையாட்டினார்.

"ஒட்டு நிக்குமா, டொக்டர்?"

எல்லாருக்கும் சொல்வதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது.
முப்பது வருடமாக ஒட்டுகிற ஆளிடம்
அதை எடுக்க முடியவில்லை.
"மூணு நாள் போகட்டும்."

போன கிழமை விஜேதுங்க
நாலு புள்ளி போட்டுக் காட்டிய கடதாசியைச்
சட்டைப்பையிலிருந்து எடுத்து விரித்தார்.
நான் நீட்டிய பேனாவை வாங்கவில்லை.
"இங்கயிருந்து இங்கயா?"
கறுப்பு நகத்தால் ஒரு கோடு கீறினார்,
நாலு புள்ளிக்கும் குறுக்காக,
கடதாசி கிழியாமல், மெதுவாக.